பாதித் தலையின் பாடு

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்தது சரியல்ல என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். காய்ச்சல் வந்தவன் பேசாமல் சுருண்டு கிடந்தாலும், வீட்டிலுள்ளவர்கள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு ருசு கிடைத்துவிடுகிறது. உஷ்ணமானியை நாக்கின் கீழ் வைத்தால் 102 என்று அது சாட்சி சொல்லிவிடும். உடனே கஞ்சி வருகிறது, கம்பளி வருகிறது, அண்டை வீட்டார் ஆரஞ்சுப் பழத்துடன் வருகிறார்கள். தலைவலிக்காரனுக்குச் சாட்சி யார்? தொட்டுப் பார்த்தால் நெற்றி குளிர்ந்திருக்கிறது. நாடி ஒழுங்காக அடிக்கிறது. இந்தக் காலத்து 'ஸ்கான்' எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. அவன் வாய்மொழி ஒன்றுதான் சாட்சியம். அந்த வாயோ அச்சமயத்தில் பேசுகிற நிலையில் இருப்பதில்லை.

அதிலும் நாம் சொல்லப் புகுந்தது ஒற்றைத் தலைவலியைப் பற்றி. பத்திரிகை மரியாதையை உத்தேசித்து 'நாம்' என்று எழுதுகிறோமே தவிர, இருப்பது ஒரே ஒரு தலை; அதிலும் நோவது பாதிதான். ஆனால் அந்தப் பாதி மற்றப் பாதியையும், கண்ணையும், வயிற்றையும் சேர்த்து அடிமைப்படுத்திக்கொண்டுவிடும். இருபத்தாறு வருஷங்களாக நாம் அதனுடன் குடித்தனம் நடத்தி வருகிறோம். மாதத்தில் மூன்று தடவை வரும். சில மாதம் ஐந்து. முதல் நாளே தூது அனுப்பும். காரணமில்லாமல் கொட்டாவி வரும். தித்திப்பின் மேல் ஆசை பிறக்கும். நாம் கருப்பட்டியைத் தேடிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தால், "நாளைக்குப் படுக்கை விரிக்க வேண்டியதுதான்" என்று நமது சகதர்மிணி ஜோசியம் சொல்லிவிடுவாள். அநேகமாகப் பலித்துவிடும். மறுநாள் வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டத் தொடங்குவான். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கொல்லுப் பட்டறையையே கூட்டி வந்துவிடுவான். குனிந்தால் இடி, நிமிர்ந்தாலும் இடி. வயிறு புரட்டும். மூன்றாவது வீட்டில் தாளிக்கும் வாசனை நம் மூக்கில் அறையும். வெளிச்சம் ஊசியாகும், சத்தம் உலக்கையாகும். இவ்விதம் நாலு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரையில் நீடிக்கும் என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. நமக்கு விதித்தது ஒன்றரை நாள். அது விலகிய பிறகும் ஒரு நாள், வெள்ளம் வடிந்த வயலைப் போல் கிடப்போம்.

இத்தகைய தலையை வைத்துக்கொண்டு ஒருவன் பிழைக்கப் போகக் கூடாத இடம் ஒன்று உண்டானால் அது புன்னக்காயல்தான். பொதிகையில் பிறந்த தாமிரபரணி, பாபநாசம் முதல் ஆத்தூர் வரையில் நெல்லையும் வாழையையும் வெற்றிலையையும் வாழ வைத்துவிட்டு, மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடம் அது. ஆத்தூர்க் கொடிக்காலுக்குள் நுழைந்தால் நண்பகலிலும் பச்சை இருட்டாக இருக்கும். அங்கிருந்து சில மைல் கிழக்கே கழிமுகத்துக்கு வந்துவிட்டாலோ, நிழலை விலை கொடுத்து வாங்கவேண்டும். ஆறு ஒரு கண்ணாடி. கடல் ஒரு கண்ணாடி. பக்கத்து உப்பளங்கள் வெள்ளைக் கண்ணாடி. புன்னக்காயலில் குடியிருந்துகொண்டு அவ்வுப்பளங்களில் ஒன்றில் ஒன்பது வருஷம் நாம் கணக்கு எழுதினோம். சித்திரை வெயிலில், அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்பின் எதிரில் நின்று மூட்டை எண்ணுவதற்கு, இரண்டு தலையும் நாலு கண்ணும் உள்ளவனாகப் பார்த்து நியமித்திருக்கலாம்.

சுச்ருத சம்ஹிதை தலைநோய்களைப் பதினொரு விதமாக வகுத்திருக்கிறது. அவற்றில் ஒன்றுக்கு அர்த்தாவபேதகம் என்று பெயர். பாதியைப் பிளப்பது என்று பொருள். இன்னொன்று சூரியாவர்த்தம்: சூரியன் ஏற ஏற ஏறி, சாயச் சாயத் தணிவது. இதை எழுதியவர் ஒரு கோடைகாலத்தையாவது புன்னக்காயல் பக்கத்தில் கழித்திருப்பாரோ என்று நமக்கு ஐயம் உண்டு. கிரேக்க வைத்தியர் காலனும் பாதியைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் வழங்கிய 'ஹெமிக்ரேனியா', அதாவது பாதி மண்டை, என்ற சொல்தான் பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து 'மைக்ரேன்' ஆயிற்று. இத்தனை பேர் பாதி பாதி என்று சொன்னாலும், பலருக்கு இருபுறமும் வலிக்கிறது. பாதிக் கணக்குப் பார்த்து அவர்களைத் தள்ளிவிடலாகாது.

"வெளிச்சம் ஆகவில்லையென்றால் கண்ணை மூடிக்கொள்வதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. 2010-ல் அமெரிக்காவில் ரமி பர்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு விசித்திரத்தைக் கண்டு வெளியிட்டார்கள். பார்வையை இழந்துவிட்டவர்களில் சிலருக்கும், ஒற்றைத் தலைவலி வந்த சமயத்தில் வெளிச்சம் பட்டால் நோவு அதிகரித்தது! உருவங்களைக் காட்டும் செல்கள் பழுதாகிப் போயிருந்தும், வெளிச்சத்தை மாத்திரம் உணரும் வேறு செல்கள் உயிரோடிருந்து, மூளையிலுள்ள வலிப் பாதைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. 2016-ல் அதே கூட்டத்தார், நிறங்களுக்குள் மங்கலான பச்சை வெளிச்சம் ஒன்றுதான் மிகக் குறைவாக நோகச் செய்கிறது என்றும் கண்டார்கள். அதைப் படித்தபோது ஆத்தூர்க் கொடிக்காலை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டோம்.

வைத்தியம் என்பது புன்னக்காயலுக்குப் புதிதல்ல. தமிழில் முதல் அச்சுப் புத்தகங்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் வெளிவரக் காரணமாயிருந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார். அவர் பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலேயே இவ்வூரில் ஏழைகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். அங்கே தலையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு என்ன கொடுத்தார்களோ! நமது காலத்தில் நரம்பு வைத்தியரைப் பார்க்கத் தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டைக்கோ பஸ் ஏறினோம். ஒற்றைத் தலைவலிக்காரனுக்குப் பஸ் பிரயாணம் எப்படிப்பட்டதென்று விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே வீட்டு வைத்தியம் செய்து பாராதது ஒன்றுமில்லை. சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டோம். நொச்சி இலையைத் தலையணையில் அடைத்துப் படுத்தோம். வேது பிடித்தோம். தைலங்களைப் பற்றிச் சொல்லும்போது, அமிர்தாஞ்சனத்தை விட்டுவிட்டால் நன்றி மறந்தவராவோம். 1893-ல் பம்பாயில் அதை உண்டாக்கிய நாகேசுவர ராவ் பந்துலு, அந்த வருமானத்தைக் கொண்டு 1908-ல் 'ஆந்திர பத்திரிகா'வை ஆரம்பித்தார். சுதந்திரப் போரில் ஈடுபட்டார். தேசத்தார் தலைவலி தேசபக்திக்கு எண்ணெய் வார்த்தது என்று சொன்னால் மிகையல்ல. தைலமும் பற்றும் மேல்தோலில் எரிச்சலையோ குளிர்ச்சியையோ உண்டாக்கிச் சிறிது நேரம் கவனத்தைத் திருப்புகின்றன. அது வரையில் லாபந்தான். ஆனால் பட்டறை நடப்பது தோலில் அல்லவே?

பட்டறை எங்கே நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க உதவியவர்களில் ஒருவர், தாமே நோயாளியான ஓர் அறிஞர். ஒற்றைத் தலைவலிக்காரர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, வலிக்கு முன்னால் கண்ணில் ஒரு வேடிக்கை தோன்றும். பார்வையின் நடுவில் ஒரு பொட்டு மறையும். அதைச் சுற்றிக் கோட்டை மதிலின் கொத்தளங்களைப் போல் வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் எழும். அவை மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போய் மறையும். ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கில வைத்தியர் 1870-ல் தம் கண்ணில் தோன்றிய கொத்தளங்களை அழகாகச் சித்திரம் தீட்டி வெளியிட்டார். கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தம் கண்ணில் அந்தக் கோடுகள் நகரும் வேகத்தை அளந்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வீதம் ஊர்ந்து செல்லவேண்டும் என்று 1941-ல் கணக்குச் சொன்னார். மூன்று வருஷம் கழித்து, பிரேஸில் தேசத்து லியாவோ என்ற இளைஞர், முயலின் மூளையில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஊர்ந்து செல்லும் ஓர் அலையைக் கண்டார். அந்த அலை பட்ட இடமெல்லாம் மூளை சிறிது நேரம் ஓய்ந்துபோயிற்று. ஓர் அரிசி நீளத்தைக் கடக்க அதற்கு இரண்டு நிமிஷம் வேண்டும்! புன்னக்காயலில் அமாவாசையன்று கடல் நீர் ஆற்றுக்குள் ஏறுவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீர் நகருவதே தெரியாது. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன் உட்கார்ந்திருந்த கல் நனைந்திருக்கும்.

நமக்குக் கண்ணில் கொத்தளம் தோன்றுவதில்லை. தோன்றுகிற ஒருவரைப் புன்னக்காயலில் சந்தித்தோம். அவர் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். ஒரு நாள் காலை, கரையில் இழுத்துப் போட்டிருந்த வள்ளத்தின் நிழலில், ஈரத் துண்டால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துக் கிடந்தார். ஜாதிக்காரன் ஜாதிக்காரனைத் தெரிந்துகொள்வதைப் போல, நமக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பக்கத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்தோம். வெகு நேரத்துக்குப் பின் அவர் பேசினார்.

"கிழிஞ்ச வலை கண்ணு முன்னால ஆடுத மாதிரி இருக்கும், அண்ணாச்சி. ஓரமெல்லாம் மின்னும். நடுவுல ஒண்ணுந் தெரியாது. அரை மணி நேரம். அது போனதும் வலி வந்துரும்."

"கடலில் இருக்கும்போது வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம்.

"சொல்லிருவேன். அஞ்சு பேரு போறோம். எனக்கு மின்னுதுன்னு சொன்னா, சுக்கான இன்னொருத்தன் புடிச்சுக்கிருவான். என்னய படுக்கப் போட்டு மேல தார்ப்பாய இழுத்து விட்டுருவானுவ. சொல்லாம இருந்தா அஞ்சு பேரு உசுருல்லா!"

"அவர்கள் நம்புகிறார்களா?"

அவர் துண்டைச் சற்று விலக்கி நம்மை விநோதமாகப் பார்த்தார். "நம்பாம? பொய் சொல்லி நான் என்னத்த அள்ளப் போறேன்? பங்குல கழிக்கவும் மாட்டானுவ. அவனுவளுக்கு ஒண்ணுன்னா நான் பார்ப்பேன்."

இந்த நாலு வார்த்தைகளை நாம் பல நாள் யோசித்தோம். யோசிக்க யோசிக்க நமது அத்தையின் ஞாபகம் வந்தது.

அத்தை ஆற்றுக்கு வடகரையில் ஒரு பெரிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பதினேழு வயதில் அவளுக்கு ஆரம்பித்தது. ஸ்திரீகளுக்கு இந்நோய் புருஷர்களைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு வருகிறது. மாதவிடாயை ஒட்டி வருவதும் மிகுதி. ஆகையால் மாதா மாதம் தவறாமல் வந்தது. வேலைகள் மிகுந்த வீடு. நெல் அவிக்கும் நாளும் விருந்து வரும் நாளும் பார்த்தா வலி வரும்? எல்லா நாளிலும் வேலை இருந்தபடியால் வலி வந்த நாளிலும் வேலை இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவளுடைய மாமியார், "கறிகாய் நறுக்கணும்னா இவளுக்குத் தலை வலிச்சிரும்" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வாள். அந்த வீட்டிலும் ஐந்து பேர் இருந்தார்கள். சுக்கானைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. அத்தை தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன் நிற்பாள். பின்கட்டுக்குப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து குழம்பை இறக்குவாள்.

மூலைக் கடையில் மாத்திரை விற்றார்கள். முதலில் வலித்த நாளில் ஒன்று. பிறகு, வலித்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்று. காலைக் காப்பியுடன் ஒன்று, ராத்திரி ஒன்று. சில வருஷங்களில் மாதம் நாலு நாள் வந்த வலி, விடியும்போதே கூட விடிந்து தினமும் இருக்கத் தலைப்பட்டது. ஐம்பத்தெட்டாம் வயதில், பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் நாம் அழைத்துக்கொண்டு போனோம். அவர் ஸ்கான் ஒன்றும் கேட்கவில்லை. "மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்று கேட்டார்.

"எத்தனை நாள் சாப்பிடவில்லை என்று கேளுங்கள்" என்றாள் அத்தை.

வலி மாத்திரையே வலிக்குக் காரணமாகிவிடும் என்பதை அன்றுதான் அவள் கேள்விப்பட்டாள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, கலப்பு மாத்திரைகளைப் பத்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் இப்படி நேரக்கூடும் என்று டாக்டர் விளக்கினார். நிறுத்தச் சொல்லி, வலி வராமல் தடுப்பதற்கென்று வேறு மருந்து கொடுத்தார். முதல் பத்து நாள் அத்தை பட்ட பாட்டை எழுத நமக்கு மனமில்லை. மூன்றாவது மாதம் வலி நாலே நாலு நாள் வந்தது. மற்ற நாட்களில் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முற்றத்தில் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். "இது சாக்கு இல்லை, வியாதி" என்று டாக்டர் வாயால் சொன்னாரே, அதைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியார் காலமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. சாட்சி வந்து சேர்ந்தபோது கோர்ட்டு கலைந்துவிட்டது.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்கள் கர்நாடகத்தில் வீடு வீடாகச் சென்று விசாரித்து, வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 25 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் ஒற்றைத் தலைவலி வந்திருந்ததாக 2015-ஆம் வருஷத்தை ஒட்டி வெளியிட்டார்கள். தாமிரபரணிக் கரை அதற்கு விலக்காக இருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. நாலு வீட்டுக்கு நாலு அடுக்களை இருளில் யாரோ ஒருத்தி தலையில் துணி கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

மருந்துகள் இல்லாமல் இல்லை. 1918-ல் கம்புப் பயிரைப் போன்ற ரை என்ற தானியத்தில் பற்றும் காளானிலிருந்து எர்கோட்டமைனைப் பிரித்தெடுத்தார்கள். மார்வலிக்காகக் கொடுத்த ப்ரொப்ரனலால், தற்செயலாக ஒற்றைத் தலைவலியையும் தடுக்கிறதென்று 1966-ல் தெரியவந்தது. 1991-ல் சுமட்ரிப்டான் வெளிவந்தது; வலி ஆரம்பித்தவுடன் சாப்பிட்டால் பலருக்குக் கேட்கிறது, முற்றிய பிறகு சாப்பிட்டால் அவ்வளவாகக் கேட்பதில்லை. இருதய நோயும் அதிக ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு அது ஆகாது. வலியின்போது நரம்பு நுனிகளில் ஊறும் ஒரு பொருளைக் குறிவைத்து அடிக்கும் ஊசி மருந்துகள் 2018 முதல் வந்திருக்கின்றன. நம்மைப் போன்ற கணக்கப்பிள்ளைகளுக்கு அவற்றின் விலையே ஒரு தலைவலி. வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இடி விழுந்தாற்போல் திடீரென்று வரும் தலைவலி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வரும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கூடியது, கைகால் விழுந்து பேச்சுக் குழறுவது, இவை ஒற்றைத் தலைவலி என்று வீட்டில் படுத்திருக்கத் தக்கவை அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நமது சொந்த ஏற்பாடு பெரிதல்ல. நேரத்துக்குத் தூக்கம், ஏகாதசியாக இருந்தாலும் பட்டினி இல்லை, வெயிலில் கறுப்புக் கண்ணாடி. ஒரு பழைய பேரேட்டில் வலி வந்த நாளைச் சிவப்பு மையிலும், மாத்திரை சாப்பிட்ட நாளைப் பச்சை மையிலும் குறித்து வருகிறோம். உப்பு மூட்டைக் கணக்கைவிட இது சுத்தமாக இருக்கும். புன்னக்காயல் வீட்டில் கடல் பக்கத்து ஜன்னலுக்குச் சணல் சாக்கு தைத்து மாட்டியிருந்தோம். வலி ஆரம்பித்தால் "மின்னுது" என்று ஒரு வார்த்தை சொல்வோம். நமக்கு ஒன்றும் மின்னுவதில்லை என்றாலும், அந்த வள்ளக்காரரிடமிருந்து கடன் வாங்கிய சொல் அது. சகதர்மிணி வானொலியை நிறுத்திவிட்டுச் சாக்கை இழுத்து விடுவாள். அன்றைக்கு நம் பங்கு வேலை அவளுடையது. மறுநாள் அவள் பங்கில் பாதி நம்முடையது. இதில் வாதப் பிரதிவாதம் கிடையாது.

இந்த நோய் குடும்ப வழியில் இறங்கும். நமக்கு அத்தையிடமிருந்து வந்ததென்றால், நம்மைத் தாண்டி நம் தங்கையின் மகளிடம் போய்ச் சேர்ந்தது. அவளுக்குச் சென்ற வருஷம் வரன் பார்த்தார்கள். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் வீட்டில் ஒரு பெரிய மந்திராலோசனை நடந்தது. "தலைவலி என்று சொல்லாதே. சம்பந்தம் தட்டிப்போகும். கலியாணத்துக்குப் பிறகு அவர்களாகத் தெரிந்துகொள்ளட்டும்" என்றார்கள் பெரியவர்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நாலு இடம் தட்டிப்போன அநுபவம். மருமகள் நம்மைத் தனியே அழைத்து, "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். வள்ளக்காரர் சொன்னதை அப்படியே சொன்னோம். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் வந்தார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆயின. பிள்ளையின் தாயார் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிப்பையும் உத்தியோகத்தையும் பற்றி விசாரித்தாள். மருமகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கொஞ்சமும் குரல் நடுங்காமல், "எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு அத்தை. மாசத்துல ரெண்டு மூணு நாள் என்னால எந்திரிக்க முடியாது. அதைச் சொல்லிரணும்னு நினைச்சேன்" என்றாள். நம் தங்கை கையிலிருந்த காப்பித் தட்டு கிணுகிணுத்தது. கூடத்தில் மின்சார விசிறி சுற்றும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

அந்த அம்மாள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. தன் பிள்ளையை ஒருமுறை பார்த்தாள். கணவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு மருமகளின் பக்கம் குனிந்து, இரகசியம் பேசுகிறவளைப் போல், ஆனால் கூடம் முழுவதும் கேட்கும்படியாக, "எனக்கும் உண்டும்மா. முப்பது வருஷமா இவங்க யார்ட்டயும் சொன்னதில்ல. உனக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.